பின் பாபா பாஸ்: திரும்புறதா வேண்டாமான்னு காஃப்னு பக்கத்துலயே முடிவு பண்ணுங்க

சிகரம் ஏறுறதுக்கும் பாஸ் (மலைக் கணவாய்) தாண்டுறதுக்கும் ஒரு அடிப்படையான வித்தியாசம் இருக்கு, ட்ரெக் புக் பண்றவங்க நிறைய பேர் இதை யோசிக்கிறதே இல்ல. சிகரம்னா ஏறின வழியிலயே இறங்கிடுவோம், உடம்பு முடியலன்னா எந்த இடத்துல இருந்தும் திரும்பிடலாம். பாஸ் அப்படி இல்ல, ஒரு பள்ளத்தாக்குல ஏறி இன்னொரு பள்ளத்தாக்குல இறங்கணும், தாண்டினதுக்கு அப்புறம் திரும்பி வர்றதுன்னா மறுபடியும் அந்த உயரத்தை ஏறணும். ஹிமாச்சல்ல பின் பாபா பாஸ் போறவங்க இதை ரொம்ப முக்கியமா மனசுல வச்சுக்கணும், ஏன்னு இந்தப் பதிவு முழுக்க சொல்லப்போறேன். எங்க குழுவுல என் அக்கா வீட்டுக்காரரை பாஸ்க்கு முந்தின கேம்ப்ல இருந்து கீழ அனுப்ப வேண்டியதாச்சு, அந்த ராத்திரி கத்துக்கிட்டதுதான் இதுல பெரும்பகுதி.

முதல்ல இடம். கின்னௌர் மாவட்டத்துல காஃப்னுன்னு ஒரு கிராமம், 2,400 மீட்டர் உயரம் இருக்கும். சிம்லாவுல இருந்து கிளம்பி, அப்புறம் சட்லெஜ் ஆத்தை ஒட்டி ராம்பூர் தாண்டிப் போற தேசிய நெடுஞ்சாலை 5-ல வாங்டுன்னு ஒரு இடத்துல பிரிஞ்சு மேல ஏறணும். பாபா ஆத்துல கட்டுன நீர்மின் திட்டத்தோட சின்ன நீர்த்தேக்கம் ஊர்லயே இருக்கு, சுத்தி ஆப்பிள் தோட்டம், பட்டாணி வயல். அங்கேருந்து நடக்க ஆரம்பிச்சா முல்லிங் (ஏறக்குறைய 3,200 மீட்டர்), காரா (3,500), ஃபுட்சிராங் (4,100), அதுக்கு மேல 4,900 மீட்டர்ல பாஸ். தாண்டி இறங்கினா மங்ருங்சே, அது திரும்பவும் 4,200 கிட்ட, அப்புறம் ஸ்பிதி பக்கம் பின்ங்கிற ஆத்தோட பள்ளத்தாக்குல முத்ங்கிற கடைசி கிராமம், 3,800 வரும்.

இந்த நம்பரை எல்லாம் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிப் பாருங்க. காஃப்னு பக்கம் இருக்கிற வரைக்கும், உடம்பு கெட்டுப்போச்சுன்னா சில மணி நேரத்துல அறுநூறு மீட்டர் இறங்கிடலாம், ஒரே நாள்ல நடந்தா 2,400-க்கே வந்துடலாம். ஸ்பிதி பக்கம் போயிட்டீங்கன்னா பாஸ்ல இருந்து முத் வர்ற வரைக்கும் 3,800-க்குக் கீழ இறங்கவே வழி கிடையாது, ரோடு வந்தப்புறம் ஜீப்ல ஸ்பிதியோட முக்கிய ஊரான காசா போனாலும் அது 3,600-க்கு மேலதான். மலை உயரத்துனால வர்ற வியாதிக்கு முதல் மருந்தே கீழ இறங்குறதுதான், அந்த மருந்து பாஸுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கிடைக்கும். அதனால, சந்தேகம் வந்தா அதுக்கு முடிவு ஃபுட்சிராங்ல எடுக்கணும், அங்க தள்ளிப்போட்டா அப்புறம் எடுக்க இடமே இல்ல.

இப்ப மாமா கதைக்கு வரேன். அவருக்கு நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல, வருஷா வருஷம் மாரத்தான் ஓடுறவர், வெள்ளியங்கிரி ஏழு மலையையும் எங்க எல்லாரையும் விட முன்னாடி ஏறி மேல உக்காந்து இருப்பார். குழுவுல யாருக்காவது ஏதாவது ஆகும்னா அது அவருக்கா இருக்காதுன்னு அத்தனை பேரும் நினைச்சோம், அவரும் நினைச்சார். ஆனா உயரத்துல உடம்பு பழகுறதுக்கும் ஃபிட்னஸுக்கும் சம்பந்தமே இல்ல. நல்லா நடக்கிறவங்க வேகமா ஏறிடுறாங்க, அதனால பழகறதுக்கு உடம்புக்கு நேரம் குடுக்கிறதில்ல, அப்படிப் பார்த்தா அவங்களுக்குத்தான் ஆபத்து கூட. முல்லிங் போற வழி முழுக்க தேவதாரு, வால்நட் காடு, அப்புறம் பூர்ஜ மரம், நிழல், ஆத்துச் சத்தம், யாரா இருந்தாலும் கால் தானா வேகம் எடுக்கும். காராவுல பெரிய புல்வெளி, குதிரை மேயுது, ஆட்டு மந்தை, சுத்திலும் பனி மலை, அங்க மாமா சாயங்காலம் வேற ஒரு மேடு ஏறிப் பார்த்துட்டு வந்தார், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, உயரத்துக்குப் போயிட்டு வந்து கீழ தூங்குறது நல்லதுதான்.

பிரச்சனை அடுத்த நாள்தான். மூவாயிரம் மீட்டருக்கு மேல போனப்புறம், முந்தின ராத்திரி தூங்குன இடத்தை விட ஐநூறு மீட்டருக்கு மேல ஏறிப் போய்த் தூங்கக்கூடாதுன்னு மலை மருத்துவத்துல ஒரு பொதுவான வழிகாட்டுதல் உண்டு, மூணு நாலு நாளைக்கு ஒருதரம் ஏறாம ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி தங்கணும். காராவுல இருந்து ஃபுட்சிராங் அறுநூறு மீட்டர். இந்த ரூட்ல நடுவுல கேம்ப் போட சரியான இடமும் இல்ல. அப்ப என்ன பண்ணலாம்னா, முன்னாடியே பழகிட்டு வரணும். வாங்டு தாண்டி மேல போனா கல்பான்னு ஒரு ஊர், கின்னர் கைலாஷ் நேரெதிர்ல தெரியும், கிட்டத்தட்ட 2,960 மீட்டர், அங்க ரெண்டு ராத்திரி தங்கி பக்கத்துல நடந்துட்டு அப்புறம் காஃப்னு வந்தா நல்ல வித்தியாசம் தெரியும். சென்னையில இருந்து சண்டிகர் ஃப்ளைட், ராத்திரி வண்டி, விடிஞ்சா காஃப்னு, அன்னைக்கே நடைன்னு பிளான் போடுறவங்களைப் பார்த்தா எனக்கு பதறுது. லீவு கிடைக்காதுங்கிறது எனக்குப் புரியுது, ஆனா லீவு குறைவா இருந்தா ஹம்ப்டா மாதிரி உயரம் குறைஞ்ச பாஸா பாருங்க.

ஃபுட்சிராங் வந்ததும் மாமா டென்ட்டுக்குள்ள போயிட்டார். டீ வேண்டாம்னார். "மாமா, தலை வலிக்குதா?"ன்னு கேட்டேன், "ஒண்ணுமில்லம்மா, வெயில்ல நடந்தது, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்"னார். சூப் குடுத்தோம், ரெண்டு வாய் குடிச்சிட்டு வாந்தி. அப்பக்கூட "வயித்துக்கு சேரல, காலையில சாப்ட்ட பரோட்டா"ன்னுதான் சொல்றார். நம்ம ஊர்ல மூத்தவங்ககிட்ட, அதுவும் வீட்டு மாப்பிள்ளைகிட்ட, "உங்களால முடியாது, இறங்குங்க"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். அவருக்கும் அதே கஷ்டம், நம்மளால மத்தவங்க ட்ரிப் கெட்டுடுமேன்னு மறைக்கிறார். தலைவலியை மறைக்கிறதுதான் மலையில ரொம்ப சாதாரணமா நடக்குது, அதுவேதான் ரொம்ப மோசமாவும் முடியுது.

கைடு கின்னௌர்காரர், நாங்க பையான்னுதான் (ஹிந்தியில அண்ணன்) கூப்பிடுவோம். அவர் வந்து அதிகமா எதுவும் பேசல, டென்ட்டுக்கு வெளிய கயிறை நேரா தரையில போட்டு, ஒரு காலோட குதிகால் இன்னொரு கால் விரலைத் தொடுற மாதிரி அந்தக் கயிறு மேல நடங்கன்னு மாமாவை நடக்க வச்சார். நாலாவது அடியில மாமா ஒரு பக்கமா சாஞ்சுட்டார், திரும்ப நடக்கச் சொன்னா திரும்பவும் சாயுறார். அதோட பேச்சு முடிஞ்சது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரைக்கும் சாதாரண உயர நோய்னு எடுத்துக்கலாம், அதுக்கு அங்கேயே தங்கி, மேல ஏறாம, தண்ணி குடிச்சு பார்க்கலாம். நடை தள்ளாடுது, பேச்சு குழறுது, சின்ன கேள்விக்கு பதில் சொல்லத் தடுமாறுறாங்கன்னா மூளையில நீர் கோத்துக்க ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம், அது உயிர் போற விஷயம், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. அதே மாதிரி சும்மா உக்காந்து இருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல், நெஞ்சுல கொர்ருன்னு சத்தம்னா நுரையீரல்ல நீர், அதுக்கும் உடனே இறங்கறதுதான்.

உடனே ஆக்சிஜன் போட்டாங்க. நாங்க கேட்டதுக்கு பையா சொன்னது, சிலிண்டர் நடந்து இறங்கற வரைக்கும் தாங்கறதுக்குத்தான், அதைப் போட்டுக்கிட்டு அங்கேயே படுத்திருக்கக் கூடாதுன்னு. வெளிச்சம் போகறதுக்குள்ள கிளம்பினாங்க, ஹெட்லேம்ப், ரெண்டு பக்கமும் ஆளு, ஒரு அசிஸ்டென்ட் கைடு, குதிரைக்காரர், எங்க குழுவுல இருந்து மாமாவோட ஆபீஸ் நண்பர் ஒருத்தர். நான் கூட போறேன்னு சொன்னேன், ஆனா எனக்கு ஹிந்தி சுத்தமா வராது, கீழ போயி குதிரைக்காரர்கிட்ட பேச, ஜீப் பிடிக்க, ஆஸ்பத்திரியில விவரம் சொல்ல ஹிந்தி தெரிஞ்ச ஆள்தான் கூடப் போகணும்னு முடிவாச்சு. இதை யோசிச்சு வச்சுக்கோங்க, குழுவுல குறைஞ்சது ரெண்டு பேராவது தட்டுத்தடுமாறியாவது ஹிந்தி பேசணும், ஒருத்தர் இறங்கினா இன்னொருத்தர் மேல வேணும்.

அந்த ராத்திரி யாரும் தூங்கல. அங்க போன் சிக்னல் கிடையாது. வெளிநாட்டுக்காரங்க வச்சிருக்கிற சாட்டிலைட் மெசேஜ் கருவியை வாங்கிட்டுப் போயிடலாமேன்னு யாராவது நினைச்சா, வேண்டாம், இந்தியாவுல அனுமதி இல்லாம சாட்டிலைட் போன், மெசேஞ்சர் வச்சிருக்கிறது சட்டப்படி குற்றம், ஏர்போர்ட்லயே பிடிக்கிறாங்க. அதனால மலையில செய்தின்னா ஆள் நடந்து வந்து சொல்றதுதான்.

நல்லவேளை எங்க பிளான்ல உபரியா ஒரு நாள் இருந்துச்சு. மறுநாள் பாஸ் ஏறாம ஃபுட்சிராங்லயே இருந்தோம். மத்தியானத்துக்கு மேல குதிரைக்காரர் ஏறி வந்து பையாகிட்ட ஒரு மாத்திரை அட்டைப்பெட்டியைப் பிரிச்ச தாளைக் குடுத்தார், பின்பக்கம் மாமா கையெழுத்து, தமிழ்ல: "தலைவலி குறைஞ்சிடுச்சு. கிச்சடி சாப்பிட்டேன். நேரா நடக்கிறேன், ரெண்டு தடவை நடந்து பார்த்தாச்சு. நாங்க காஃப்னு இறங்கி ராம்பூர் போறோம். நீங்க போயிட்டு வாங்க." அதைப் படிச்சப்புறம்தான் எங்களுக்கு சாப்பாடே இறங்குச்சு. உபரி நாள் இல்லாத பிளான்ல, மாமா எப்படி இருக்கார்னு தெரியாமலே நாங்க விடியக்காலையில பாஸ் ஏறியிருப்போம், இல்லன்னா எல்லாரும் திரும்பியிருப்போம். ஒரு நாள் கேம்ப் செலவைப் பார்த்து உபரி நாளை வெட்டாதீங்க. அந்த ஒரு நாள் கூட தங்கினது எங்க உடம்புக்கும் நல்லதாச்சு, அதுக்கு முன்னாடி மந்தமா இருந்தவங்க எல்லாம் அன்னைக்கு சாயங்காலம் நல்லா சாப்பிட்டாங்க.

மாத்திரை பத்தி நிறைய பேர் கேப்பாங்க. டயமாக்ஸ், அதாவது அசெட்டாசோலமைட், தடுப்புக்காக எடுக்கிறவங்க வழக்கமா 125 மில்லிகிராம் காலை ராத்திரி, ஏற ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள்ல இருந்து எடுப்பாங்க. சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. விரல் நுனி மரத்துப்போற மாதிரி குறுகுறுங்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயப்பட வேண்டாம். இது உடம்பு பழகறதுக்கு உதவி பண்ணும், அவ்வளவுதான், மாத்திரை போட்டிருக்கோம்னு சொல்லி வேகமா ஏறக்கூடாது. தூக்க மாத்திரை, சரக்கு ரெண்டும் கூடவே கூடாது, தூக்கத்துல மூச்சு இன்னும் குறையும். ராத்திரி திடீர்னு மூச்சு நின்ன மாதிரி முழிப்பு வந்து ஆழமா இழுப்போம், உயரத்துல இது பெரும்பாலானவங்களுக்கு நடக்கிறது, அதை நினைச்சு பதற்றப்பட வேண்டாம்.

பாஸ் நாள். விடியறதுக்கு ரொம்ப முன்னாடி, மூணரை மணி வாக்குல கிளம்பிடணும், ஏன்னா பனி ராத்திரி குளிர்ல இறுகிக் கிடக்கும், கால் வச்சா நிக்கும், வெயில் ஏற ஏற இளகி முழங்கால் வரைக்கும் புதைய ஆரம்பிச்சா அதே தூரத்துக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆகும், மத்தியானம் ஆச்சுன்னா மேல காத்தும் கிளம்பிடும். நாங்க போனது ஜூலை, கடைசிப் பகுதி முழுக்க பனி, பையா முன்னாடி போயி ஷூவால உதைச்சு உதைச்சு படி வெட்டுவார், நாம அதே குழியில கால் வைக்கணும், குறுக்கு வழி பார்க்கக் கூடாது. மைக்ரோஸ்பைக் (ஷூவுக்கு அடியில மாட்டுற முள்ளு), கெய்ட்டர் (பனி ஷூவுக்குள்ள போகாம கணுக்கால்ல மாட்டுற உறை) ரெண்டும் கேம்ப்லயே போட்டுப் பழகிடுங்க, இருட்டுல கை மரத்துப்போயி ஸ்ட்ராப் மாட்டவே முடியாது. அந்த உயரத்துல காத்தோட அழுத்தம் நம்ம ஊர்ல இருக்கிறதுல பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம், ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சுன்னு நான் எண்ணிக்கிட்டே ஏறினேன், பேசவே இல்ல. பேச முடியாத வேகத்துல நடந்தா அது தப்பான வேகம்னு கீழ சொல்லிக்குடுத்தாங்க, மேல பேசுறதுக்கு மூச்சே மிச்சம் இல்லங்கறது உண்மை, அதனால அதை விட மெதுவா போகணும், வெட்கப்படாம மெதுவா.

மேல ஒரு குறுகலான விளிம்பு, கல் அடுக்கி கொடி கட்டியிருக்கு. திரும்பிப் பார்த்தா மேகம், பனி, அதுக்குக் கீழ நாம வந்த பச்சை. முன்னாடி பார்த்தா பச்சைங்கறதே இல்ல, மலை பூரா மஞ்சள், மிளகாப்பொடி, தனியாப்பொடின்னு தனித்தனியா கொட்டி வச்ச நிறம். மழை மேகம் பெரும்பாலும் அந்த விளிம்புக்கு பாபா பக்கமே நின்னுடுது, ஸ்பிதி குளிர் பாலைவனம். இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரே இடத்துல நின்னு பாக்குறதுக்குத்தான் இந்த பாஸ், அதுக்கு அவ்வளவு கஷ்டமும் தகும்னு நான் மனசார சொல்லுவேன். ஆனா மேல பத்து நிமிஷத்துக்கு மேல பையா நிக்க விடல, அதுவும் சரிதான்.

இறக்கம்தான் முட்டியைக் காலி பண்றது. சரளைக் கல்லும் பனியும் கலந்து செங்குத்தா போகும், ட்ரெக்கிங் போல் ரெண்டும் நீட்டி வச்சுக்கணும். நம்ம ஊர்ல பயிற்சி எடுக்கிறவங்க எல்லாரும் படி ஏறியே பழகுறாங்க, இறங்கியும் பழகணும், முதுகுல பையோட, பர்வதமலை, வெள்ளியங்கிரி எல்லாம் அதுக்கு அருமையான இடம், ரெண்டு மூணு மாசம் முன்னாடி இருந்தே ஆரம்பிங்க. மங்ருங்சே பக்கம் ஓடை தாண்ட வேண்டியிருக்கும், பனி உருகி சாயங்காலம் தண்ணி ஏறும், விடிகாலையில கம்மியா இருக்கும், முடிஞ்சா காலையில தாண்டுங்க. வெறுங்காலோட இறங்காதீங்க, ஸ்ட்ராப் வச்ச செருப்பு தனியா எடுத்துட்டுப் போங்க, பேக்கோட இடுப்பு பெல்ட்டைக் கழட்டி விட்டுட்டு கை கோத்துக்கிட்டு தண்ணி வர்ற பக்கம் பார்த்து நகருங்க, விழுந்தாலும் பை உங்களை இழுத்துட்டுப் போகாம உதறிடலாம்.

அப்புறம் முத் வரைக்கும் நீளமான நடை, நிழலே கிடையாது, உதடு வெடிக்கும், சன்ஸ்க்ரீன் மூக்குக்கு உள்பக்கம் ஓரத்துலயும் தடவணும், பனியில இருந்து வெயில் கீழ இருந்தும் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாம பனியில ஒரு மணி நேரம் கூட நடக்காதீங்க. அந்தப் பக்கம் 1987-ல அறிவிச்ச பின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா, பனிச்சிறுத்தை இருக்கிற இடம், நாங்க பார்க்கல, ஐபெக்ஸ் ஆடு தூரத்துல பார்த்தோம். முத் நெருங்கும்போது பட்டாணி வயல் பச்சையா தெரியும், அங்க வீட்டு ஹோம்ஸ்டேல சூடா பருப்பு சோறு.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்தை. நாலாயிரத்துக்கு மேல பசியே எடுக்காது, அதுவே பெரிய சிக்கல், பிடிச்ச ருசி இருந்தாத்தான் உள்ள போகும். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், கடலைமிட்டாய் எடுத்துட்டுப் போங்க, சாக்லேட் பார் எல்லாம் குளிர்ல கல்லாயிடும், கடலைமிட்டாய் நடந்துக்கிட்டே கடிக்கலாம். அங்க தண்ணி கொதிக்கிற சூடே குறைவு, குக்கர் இல்லாம அரிசி வேகாது. பவர் பேங்க், கேமரா பேட்டரி, தண்ணி வடிகட்டி எல்லாத்தையும் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சுத் தூங்குங்க, ஒரு ஜோடி காலுறை தூங்கறதுக்குன்னே காஞ்சதா தனியா இருக்கட்டும், பாபா பக்கம் மழை பெய்யும், எதுவும் காயாது.

காசா போயி சிக்னல் கிடைச்சதும் முதல் போன் அக்காவுக்கு. 2018-ல குரங்கணி காட்டுத்தீக்கு அப்புறம் ட்ரெக்னு சொன்னாலே அவ முகம் மாறிடும், ஆனா மாமா ராம்பூர்ல இருந்து முன்னாடியே பேசி எல்லாத்தையும் சொல்லிட்டார், டாக்டர் பார்த்ததும் சொல்லிட்டார். அப்புறம் மாமா லைன்ல வந்தார். "அந்தக் கயிறு போடலன்னா நான் மேல ஏறியிருப்பேம்மா, எனக்கு நல்லா இருக்குன்னே நினைச்சேன்"னார். தள்ளாடுறவங்களுக்கு தள்ளாடுறது தெரியாது, அதனாலதான் அடுத்தவங்க பார்க்கணும். கேம்ப்ல சாயங்காலம் எல்லாரும் எல்லாரையும் பாருங்க, சாப்ட்டாங்களா, பேச்சு எப்படி, நடை எப்படி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நம்பரை மட்டும் நம்பாதீங்க, அது குளிர்ல விரல் சில்லுன்னு இருந்தாலே தப்பா காட்டும்.

திரும்ப வர ஃப்ளைட் டிக்கெட்டுக்கு ரெண்டு நாளாவது இடைவெளி விடுங்க, மழைக்காலத்துல ஹிமாச்சல்ல ரோடு எப்ப வேணா அடையும், 2023 ஜூலை வெள்ளத்துல எத்தனை பேர் மாட்டிக்கிட்டாங்கன்னு எல்லாரும் பார்த்தோம்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ட்ரெக் நடத்துறவங்ககிட்ட கேளுங்க: ஃபுட்சிராங்ல ஒருத்தர் முடியாம போனா கூட இறங்கறதுக்கு தனி ஆள் இருக்கா, அந்த ஆள் போனப்புறம் மீதி குழுவைக் கூட்டிட்டுப் போக மேல யார் இருப்பாங்க, ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர், அது எவ்வளவு நேரம் வரும், பாஸ் தாண்டற அன்னைக்கு அது யார் பையில இருக்கும், உபரி நாள் இருக்கா, காஃப்னுல ஜீப்புக்கு யாரைக் கூப்பிடணும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு பதில் வந்தா வேற ஆளைத் தேடுங்க.